உள்பக்கம் பார்க்கிறவள்

எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் அவள் முதலில் அதைப் புரட்டி உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கல்யாண மாப்பிள்ளைக்கு எடுத்த சட்டையானாலும் சரி, சந்தைக் குவியலில் கிடந்த சட்டையானாலும் சரி. ஒரு முறை மாப்பிள்ளையின் அம்மா பொறுக்காமல், "ஏன்டி, வெல ஒட்டியிருக்கான்னு பாக்கிறியா?" என்று கேட்டுவிட்டாள்.

"இல்லக்கா. வெளிப்பக்கம் விக்கிறவனோட மூஞ்சி. உள்பக்கந்தான் தச்சவளோட மூஞ்சி. நான் தச்சவளப் பாக்கிறேன்" என்றாள் இவள்.

நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான ஒரே லயத்தில் நானும் அவளும் பதினொரு வருஷம் இருந்தோம். எனக்கு நடுக் காம்பரா, அவளுக்குக் கடைசிக் காம்பரா. என்னைவிடப் பத்து வயது இளையவள். புருஷன் செத்துப்போகவில்லை, சும்மா போய்விட்டான். வெளிநாட்டில் யாரோ ஒருவர் வீட்டில் எட்டு வருஷம் துணி துவைத்து, காய வைத்து, அயன் பண்ணி, மடித்து வைத்துவிட்டு, ஒரு பெட்டியோடும் முதுகு வலியோடும் திரும்பி வந்து எங்களோடு கொழுந்து பறித்தாள். இப்போது அவள் இங்கே இல்லை. மகன் வத்தளைப் பக்கம் வேலை தேடிக்கொண்டு அவளையும் கூட்டிப் போய்விட்டான். மூன்று வருஷமாகிறது.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பதுளைச் சந்தைக்குப் போவோம். சந்தைக்கு வெளியே தறப்பாளை விரித்து, வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய உடுப்பைக் குவித்து வைத்து விற்பார்கள். சாமான் விலையெல்லாம் ஏறிப்போன பிறகு டவுன் ஆட்களும் அங்கேதான் எடுக்கிறார்கள். எடுப்பார்கள், ஆனால் சொல்ல மாட்டார்கள். நானும் அப்படித்தான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடையில் வெங்காயம் பார்ப்பதுபோல நிற்பேன்.

"என்னாக்கா அங்க போய் நிக்கிறீங்க? களவா எடுக்கிறோம்? காசு குடுத்துதானே எடுக்கிறோம். வாங்க இங்க!" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாள்.

குவியலுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கக்கத்தைப் பார்ப்பாள். கொலரைப் பார்ப்பாள். வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பாள். சிப் வைத்ததானால் மூன்று தரம் ஏற்றி இறக்குவாள். விற்கிறவனுக்குப் பொறுமை போய்விடும்.

"அம்மா, எடுக்கிறதுன்னா எடுங்க. டொக்டர் மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீங்க."

"டொக்டர் பாக்காமத்தானே தம்பி, பாதி இதுல செத்துக் கெடக்கு."

எதை எடுத்தாலும் அது வீட்டில் இருக்கிற மூன்று துணியோடு சேர வேண்டும் என்பது அவள் சட்டம். சேராவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் குவியலிலேயே போட்டுவிடுவாள். மஞ்சள் பூப் போட்ட ஒரு சுவெட்டரின் மேல் எனக்கு ஆசை. விலையும் சொற்பம்தான். என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். "இது எதோட சேரும், சொல்லுங்க? இதுக்குன்னு ஒரு சேல வாங்கணும், அந்தச் சேலைக்குன்னு ஒரு செருப்பு வாங்கணும். இது சுவெட்டர் இல்லக்கா, சம்பந்தி. வந்துச்சுன்னா கேட்டுக்கிட்டே இருக்கும்."

இன்னொரு சட்டம், நெஞ்சில் எழுத்து இருக்கக் கூடாது. எங்கள் லயத்துக் கிழவர் ஒருவர், யாரோ கொடுத்த ரோஸ் நிற பனியனைப் போட்டுக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு வந்தார். இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'நான் மணப்பெண்ணின் தோழி' என்று எழுதியிருந்ததாம். எனக்கும் சிரிப்பு வந்தது, ஒளித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. நேரே அந்தப் பிள்ளைகளிடம் போனாள்.

"வாசிக்கத் தெரிஞ்சா அந்த மனுஷன் காதுல போய்ச் சொல்லணும். நின்னு சிரிக்கவா ஒங்கள எங்க காசுல பள்ளிக்கூடம் அனுப்புறோம்?"

அடுத்த நாள் கிழவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வந்துவிட்டது. "மாமா, அந்த ரோஸ் ஒங்களுக்கு இறுக்கமா இருக்கு, இதப் போடுங்க" என்று மட்டும்தான் சொன்னாள். என்ன எழுதியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அவள் கோபத்தை முழுதாகப் பார்த்தது பள்ளிக்கூடத்தில். மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் எங்கள் லயத்து ஆட்களையெல்லாம் மேலே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு மழையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து நாலு காம்பராவுக்குள் சேறு வந்துவிட்டது. நாங்கள் பள்ளிக்கூட வாங்குப் பலகைகளில் படுத்திருந்த நாலாம் நாள், தூரத்து டவுன் ஒன்றிலிருந்து லொறியில் உடுப்பு வந்தது. எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பை. பையை வாங்கும்போது போனைப் பார்க்கச் சொன்னார்கள். படம் பிடிக்க.

என் பையில் ஒற்றைக் கால் செருப்பு ஒன்று, ஆம்பிளைக் கோட் ஒன்று, சட்டை ஐந்து. ஐந்திலும் பொத்தான் இல்லை. மற்றவர்களின் பையிலும் அதே கதை.

அவள் ஒரு சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு பை கொடுத்த மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், இதுல பொத்தான் எங்க?"

"பழைய சட்டதானே அம்மா. விழுந்திருக்கும்."

"விழுந்தா நூல் தொங்கும். இது கத்திரி வச்சு எடுத்தது. பாருங்க, ஏழு எடத்துலயும் ஒரே மாதிரி வெட்டு."

அந்த மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க இருக்கிறதக் குடுக்கிறோம் அம்மா. கோவிக்காதீங்க."

"ஒங்க மேல கோவமில்ல மிஸ். குடுத்தவங்ககிட்ட ஒன்னு சொல்லுங்க. பொத்தான எடுத்துக்கிட்டவங்கள சட்டையையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

என்ன திமிர் என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் சொன்னார்கள். சும்மா கிடைத்ததற்கு வாய் வேறா என்றார்கள். நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒரு வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து, கத்திரியை எடுத்து, ஒவ்வொரு பொத்தானாக வெட்டி டின்னில் போட்டுக்கொண்டு, சட்டையை மட்டும் பைக்குள் திணித்து, தர்மம் பண்ணிவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். வீட்டுக்குள் சேறு வந்தவன் நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு திரியட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? மானத்தை வெட்டி எடுத்துக்கொண்டு துணியைக் கொடுப்பது என்ன தர்மம்?

அவள் வாயோடு நிற்கவில்லை. பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த பொத்தான்களைக் கொட்டி, மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். ஒரு சட்டைக்கு ஏழும் ஒரே நிறத்தில் கிடைக்காவிட்டால், மேலே மூன்றை ஒரே நிறத்தில் வைப்பாள். "கண்ணு மேலதான்கா போகும். கீழ உள்ளது பாவாடைக்குள்ளயும் சாரத்துக்குள்ளயும் போயிரும்" என்பாள்.

என் சின்ன மகள் ரேணுவுக்குப் பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது அதற்கு அடுத்த வருஷம். என் கால் முடியாமல் நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை விட்டிருந்த நேரம். ரேணுவின் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிய வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார்களாம், பிறகுதான் நிரந்தரமாம். கடையில் நிற்கிற பிள்ளைகள் வாரம் ஆறு நாளும் ஆறு விதமாக உடுத்தி வர வேண்டும் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். ரேணுவிடம் இருந்தது முழங்கை தேய்ந்த இரண்டு சுரிதார். பிள்ளை வேலை கிடைத்த அன்றைக்கே அழுதது.

"ஏன் அழுவுற? ஆறு நாளைக்கு ஆறு உடுப்பு வேணும்னு எவன் சொன்னான்? ஏழு உருப்படி போதும்" என்றாள் அவள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஸ்கர்ட் மூன்று எடுத்தாள்: கறுப்பு, கடும் நீலம், சாம்பல். பிளவுஸ் நான்கு: வெள்ளை, இளநீலம், சந்தன நிறம், சின்னக் கோடு போட்டது ஒன்று. எந்தப் பிளவுசும் எந்த ஸ்கர்ட்டோடும் சேரும். "மூணு நாலு பன்னெண்டு. பன்னெண்டு நாளைக்கு ஒரே வேஷம் வராது" என்றாள். கொதிதண்ணீரில் ஊற வைத்து, சவர்க்காரம் போட்டு அலசி, இரண்டு நாள் மலைக் காற்றில் காய வைத்தாள். ஸ்கர்ட்டுகளை இடுப்பில் பிடித்துத் தைத்தாள். சிரட்டைக் கரிப் பெட்டியால் அயன் பண்ணினாள். எங்களிடம் அலுமாரி இல்லை. மூலையில் ஒரு முழக் கம்பி கட்டி அத்தனையையும் தொங்கவிட்டாள். ஏழும் கசங்காமல் தொங்கியதைப் பார்த்தபோது, அந்த மூலை எங்கள் காம்பராவைச் சேர்ந்தது மாதிரியே இல்லை. ரேணு ராணி மாதிரி வேலைக்குப் போனாள். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

வினை அதனால்தான் வந்தது. இரண்டாம் மாதம் ஒரு டீச்சர் கடைக்கு வந்து, அது வேண்டாம் இது வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ரேணு போட்டிருந்த சந்தன நிறப் பிளவுசைக் காட்டி, "இது மாதிரி ஒன்னு எடுங்க" என்றாராம். அது கடையில் இல்லை. டீச்சர் போன பிறகு முதலாளி ரேணுவைக் கூப்பிட்டு எங்கே எடுத்தது என்று கேட்டார். அது பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சந்தையில் என்று சொல்லிவிட்டது.

"புதுத்துணி விக்கிற கடையில நின்னுக்கிட்டு, எவளோ செத்த வெள்ளக்காரி கழட்டிப் போட்டத மாட்டிக்கிட்டு வந்திருக்கியா? சனிக்கிழம அம்மாவக் கூட்டிக்கிட்டு வா."

கடையிலிருந்தே மூன்று செட் எடுக்க வேண்டும், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கச் சொன்னார். அந்தக் கடைப் பிள்ளைகள் எல்லோர் தலையிலும் இப்படிக் கட்டியிருக்கிறாராம். விற்காமல் கிடக்கிற சரக்கை, அதை விற்கிற பிள்ளைகளிடமே விற்பதற்குப் பெயர் கடை மரியாதை!

எனக்குப் பேச வராது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால்கூட என் குரல் பக்கத்தில் நிற்கிறவளுக்குத்தான் கேட்கும். அதனால் நானே போய் அவளைக் கூப்பிட்டேன். "நீயும் வாம்மா. எனக்கு ஏலாது" என்றேன்.

"வர்றேன்கா. ஆனா நான் ஒங்களோட வந்தவளா வரல. துணி வாங்க வந்தவ மாதிரி தனியா நிக்கிறேன். ரெண்டு பேரா போய் நின்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். நீங்க பேசிப் பாருங்க. முடியாட்டி நான் வர்றேன்" என்றாள்.

முதலாளி கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. நாற்காலி போடச் சொன்னார். "உக்காருங்கம்மா. பிள்ள நல்ல பிள்ள. கை சுத்தம். ஆனா கடைக்குன்னு ஒரு மரியாத இருக்கில்லையா?" என்று மூன்று செட்டை எடுத்து மேசையில் போட்டார். ஒரு பச்சை, ஒரு ஊதா, ஒரு செங்கல் நிறம். பஸ்ஸில் வரும்போதே நான் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஐயா, என் பிள்ளை உடுத்தி வருவது சுத்தமான துணி, கிழிசல் இல்லை, அழுக்கு இல்லை, வேறென்ன வேண்டும்? அவ்வளவுதான். அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. என் தலை தானாக ஆடியது. "சரிங்க" என்றுவிட்டேன்.

பக்கத்து மேசையில் உள்பாவாடை பார்த்துக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். வந்தாள்.

"இதப் பாக்கலாங்களா?" என்று பச்சையை எடுத்தாள். எடுத்த கையோடு புரட்டினாள்.

"முதலாளி, கக்கத்துல துணி பத்தாம ஒட்டுப் போட்டிருக்கே. ஒத்தத் தையல் வேற. ரெண்டு தடவ கழுவுனா வாயப் பொளந்துரும்." தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தாள். கைக்குட்டை பச்சையாகிவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்தாள். "புதுசு எல்லாம் வெலையில மட்டுந்தான் இருக்கு."

கடையில் நின்ற பொம்பிளைகள் சிரித்தார்கள். ஒருத்தி தன் கையில் இருந்த சட்டையைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. "நீ யாரு?"

"வாங்க வந்தவ."

அவர் அவளைப் பார்த்தார், ரேணுவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா ஒங்க ஆளா?"

ஆமாம் என்றால் ரேணுவின் வேலை அங்கேயே முடிந்தது. ரேணு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க. யாருன்னே தெரியாதுங்க" என்றேன்.

பேச வராத எனக்கு அது மட்டும் நன்றாக வந்தது. குரல் தடுமாறவே இல்லை. கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

"அப்ப வெளிய போம்மா. சந்தையில பொறுக்குறதெல்லாம் இங்க வந்து சட்டம் பேசுது."

அவள் உடனே போகவில்லை. பச்சைச் செட்டை உள்பக்கம் திருப்பி, கையை மடித்து, மடிப்பின் மேல் மடிப்பு விழுகிற மாதிரி, கடைப் பிள்ளைகள் மடிப்பதைவிடத் திருத்தமாக மடித்து மேசையில் வைத்தாள். "சரிங்க முதலாளி. துணியத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தெரியாத ஆளை யார் பார்ப்பார்கள்?

பொம்பிளைகள் இன்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு எங்களைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும். குரலைத் தாழ்த்தி, "சரி, செட்டு வேணாம். இப்ப உடுத்துறதையே உடுத்திக்கிட்டு வரட்டும். ஆனா யாராச்சும் கேட்டா நம்ம கடையில எடுத்ததுன்னு சொல்லணும். என்ன ரேணு?" என்றார்.

"சரிங்க முதலாளி."

பாருங்கள் அநியாயத்தை. இரண்டு ஞாயிறு வெயிலில் உட்கார்ந்து, நூறு துணியைப் புரட்டி, ஏழு உருப்படியைப் பொறுக்கி எடுத்தவள் அவள். பேர் கடைக்கு. அந்த டீச்சர் திரும்பி வந்து கேட்டபோது ரேணு அப்படித்தான் சொன்னாளாம், எங்கள் கடையில் எடுத்ததுதான், சரக்கு தீர்ந்துவிட்டது என்று. முதலாளி மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. வேலை நிரந்தரமானது, அவர் போட்ட சோற்றைத்தான் தின்கிறோம், அப்படியும் ஆறவில்லை. பொத்தானை வெட்டியவளுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். கேட்டுவிட்டு, எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி வரும்போது எழுந்து வேறு வேலை பார்ப்பேன். யாரென்றே தெரியாது என்று சொன்ன வாய் இது. அவள் பெயரை இதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்றைக்கு ரேணுவைக் கடையில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எங்கள் பஸ்ஸில் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள், ஜன்னலோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

பசறை ரோட்டில் பஸ் திரும்பிய பிறகுதான் கேட்டாள்.

"பிள்ளைக்கு வேல இருக்கா?"

"இருக்கும்மா."

"செட்டு?"

"வேணாம்னுட்டாரு. இருக்கிறதையே போட்டுக்கிட்டு வரச் சொல்லிட்டாரு."

"அப்ப சரி."

வெளியே பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள். காற்று ஒன்றும் பெரிதாக அடிக்கவில்லை.

கொண்டக்டர் எங்களுக்குத் தெரிந்தவர். எத்தனையோ ஞாயிறு எங்கள் பைகளை ஏற்றி இறக்கியவர். எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்ன, ரெண்டு டிக்கட்தானே?" என்றார்.

"ஒன்னு" என்றாள் அவள். எண்ணி வைத்திருந்த சில்லறையை நீட்டினாள்.

அவர் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து எனக்கு ஒன்று வாங்கினேன்.